பின் இடது மூலை

லொரேன் ஆக்ஸ்டோபி 2009 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை வரைந்த தாள்கள் அறுநூற்றுப் பதினொன்று. ஒவ்வொரு தாளிலும் ஒரு கேரவன், அதாவது காரில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, பிரித்துப் பரப்பிய அட்டைப் பெட்டியைப் போல, நான்கு சுவர்களும் தரையும் கூரையும் தனித்தனியாக விரிந்து கிடக்கும். ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் எங்கெல்லாம் குத்திப் பார்த்தாரோ அங்கெல்லாம் ஓர் எண், ஈரம் எத்தனை சதவீதம் என்று. பதினைந்துக்குக் கீழே என்றால் பென்சில். பதினைந்து முதல் இருபது வரை நீல மை. இருபதைத் தாண்டினால் சிவப்பு. எந்த வரிசையில் பார்த்தார் என்பதும் எண்ணுக்குப் பக்கத்தில் சிறு வட்டத்துக்குள் குறிக்கப்பட்டிருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கதவருகே தொடங்கி வலமாகச் சுற்றி வருவார்கள். லொரேனின் அறுநூற்றுப் பதினொரு தாள்களிலும் முதல் வட்டம் பின் இடது மூலையில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் இருக்கிறது. ஏன் என்று எந்த வாடிக்கையாளரும் கேட்டதாகக் குறிப்பு இல்லை.

அவர் 1963-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், ஹெஸ்ஸில் சாலையில் பிறந்தவர். தந்தை மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தார்; கப்பல்கள் நின்றுபோன பிறகு வேலை பார்க்கவில்லை. லொரேன் பதினேழு வயதில் கேரவன் தொழிற்சாலைக்குள் நுழைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். பக்கச் சுவரும் பின் சுவரும் சேரும் மூலையின் மேல் அலுமினியச் சட்டத்தை வைத்துத் திருகாணிகளால் இறுக்குவது அவருடைய வேலை. சட்டத்துக்கு அடியில் சாம்பல் நிறப் பசைநாடா ஒன்று செல்லும். தரையிலிருந்து கூரை வரை அது ஒரே நீளமாக, நடுவில் இணைப்பே இல்லாமல் இருக்க வேண்டும். மழை கூரை வழியாக இறங்கும் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இந்தச் சட்டத்தின் திருகாணித் துளைகளில்தான் நுழைகிறது. உள்ளே மரச்சட்டம் ஓதம் ஏறி, சுவருக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் மக்கும். வெளியே பளபளப்பு குறையாது.

2008 குளிர்காலத்தில் தொழிற்சாலை பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. லொரேன் ஓர் ஈரமானி வாங்கினார். 'பழைய கேரவன் வாங்கும் முன் என்னைக் கூப்பிடுங்கள்' என்று எழுதிய அட்டையைக் கடைகளின் கண்ணாடியில் ஒட்டினார். கூப்பிட்டார்கள்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று முறை தேர்வில் தோற்று விட்டுவிட்டார். ஆகவே அறுநூற்றுப் பதினொரு வீட்டு வாசலுக்கும் அவரை அழைத்துச் சென்றவர் கணவர் நெவில். அவர் லாரி ஓட்டுநர்; ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் வரை சரக்கு கொண்டுபோய் இறக்கியதும் திரும்பிவிடுவார். அதற்கு வடக்கே இருப்பதெல்லாம் அவருக்குச் சாலைப் பலகையில் ஒரு அம்புக்குறி மட்டுமே. மனைவி உள்ளே குத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காரில் உட்கார்ந்து சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டிருப்பார். நாமும் ஒன்று வாங்கலாமே என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்பார். "நல்லதா ஒண்ணு வரட்டும்" என்பது லொரேனின் பதில். பதினைந்து ஆண்டுகளில் அப்படி ஒன்று வரவில்லை.

2024 பிப்ரவரி 27 அன்று கண் மருத்துவர் நெவிலிடம், பார்வையின் நடுவில் விழுந்திருக்கும் மங்கல் வளர்கிறது என்றார். இன்றைக்குச் சட்டப்படி ஓட்டலாம். அக்டோபரில் மறுபடி சோதிப்போம். அதற்குப் பிறகு ஓட்டலாம் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் நெவில் கோட்டைக் கழற்றவில்லை. சமையலறையில் மேசைக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"அக்டோபர் வரைக்கும்தான், லொரேன். அதுக்குள்ள ஒரு கேரவன மாட்டி இழுத்துட்டு டர்னெஸ் வரைக்கும் போகணும். ஸ்காட்லாந்து வடக்கு மொனையில, தரை முடியுற எடம் வரைக்கும். ஒரு தடவ. யாரும் சரக்கு எங்கன்னு போன் பண்ணாம."

"போலாம். நல்லதா ஒண்ணு..."

"நல்லதா ஒண்ணு வரட்டும்னு மட்டும் சொல்லு, இந்தக் கெட்டிலத் தூக்கி ஜன்னல் வழியா வீசிருவேன்."

"அது புதுசு. பழசு ஷெட்ல இருக்கு, அத வீசு."

நெவில் சிரித்துவிட்டார், ஆனால் நடப்பதை நிறுத்தவில்லை. இருபது மீட்டரிலிருந்து எதிர் வண்டியின் எண் பலகையைப் படிக்க முடிய வேண்டும் என்பது சட்டம். அன்று தொடங்கி, கார் ஓட்டும்போது கண்ணில் படும் எண் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்தார். லொரேன் வாய் திறக்காமல் சரிபார்த்தார். மார்ச்சில் எல்லாம் சரியாக இருந்தன. ஏப்ரல் தொடக்கத்தில் இருபதில் ஒன்று தவறியது.

ஏழு வாரங்களில் ஒன்பது கேரவன்களைப் பார்த்தார்கள். ஹாரன்சீயில் அவர்கள் போகும்போதே வண்டிக்குள் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. லொரேன் கோப்பையை வாங்கிக்கொள்ளாமல் படுக்கைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் தலையை விட்டார். அங்கே பூஞ்சணம் மணத்தது. பெவர்லியில் கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே தரை, மிதித்தால் பழைய மெத்தையைப் போல் அமுங்கி எழுந்தது. பலகை அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். டிரிஃபீல்டில் டயர்களின் பள்ளம் ஆழமாக இருந்தது, ஆனால் பக்கவாட்டு எண்ணின்படி அவை பதினோராண்டுப் பழசு. நின்ற இடத்திலேயே கிழடாகியிருந்தன. இன்னொரு வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் செதுக்கிய எண் அடிச்சட்டத்து எண்ணோடு பொருந்தவில்லை. அங்கே அவர் தாளில் 'திருட்டு?' என்று மட்டும் எழுதினார்; ஈரமானியை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. கூல் நகரில் இரண்டு நாளாக ஹீட்டரை எரியவிட்டுச் சுவரைக் காயவைத்திருந்தார்கள். லொரேன் சூடு எட்டாத அலமாரியின் முதுகில் குத்தினார். இருபத்தாறு, சிவப்பு மை.

ஆறாவதும் எட்டாவதும் நல்ல வண்டிகள். தாள்கள் 617, 619 முழுவதும் பென்சில் எண்களே. அவற்றையும் வேண்டாம் என்றார்.

"ஜன்னல்ல மயிரளவு கீறல்," என்றார் நெவில், காரைக் கிளப்பாமல். "அதுக்காகவா ஒரு வண்டிய விடுவாங்க?"

"கீறல் கீறல்தான்."

"உனக்குக் கேரவன் வேணாம். குத்தம் கண்டுபிடிக்க ஒரு எடம் வேணும். அறுநூறு வாசல்ல காத்துக் கெடந்தேன், லொரேன். பிச்சக்காரனா இருந்தாக்கூட இந்நேரம் ஏதாவது போட்டிருப்பாங்க."

லொரேன் வழி நெடுக ஈரமானியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார்.

பத்தாவது வண்டி வித்தர்ன்சீயில். ஏப்ரல் 20, சனிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. விற்பவர் ஸ்டான் பிளென்கின், பள்ளியொன்றில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் இடுப்பு எலும்பு இனிப் படியேற விடாது என்பதால் விற்கிறார். மூர்ஹென் என்ற வகை. விளம்பரத்தில் 2004 என்று போட்டிருந்தது. ஆகஸ்டில் இரண்டு வாரம் தவிர மற்ற நாளெல்லாம் உருளைக்கிழங்குக் கொட்டகை ஒன்றுக்குள் நின்ற வண்டி. அன்றும் அங்கேதான் நின்றது.

"நல்லாப் பாருங்க, கண்ணு. இதுக்கு எங்கிட்ட இருந்த மரியாத என் பொண்டாட்டிக்குக்கூட இருந்ததில்ல. அவளையே கேளுங்க, ஒத்துக்குவா. ஆனா மூணு மணிக்கு லீட்ஸ்லேர்ந்து ஒரு ஜோடி வருது, கையில காசோட. அதையும் சொல்லிட்டேன்."

விளக்குகளும் டயர்களும் நெவிலின் பொறுப்பு. அவர் டயருக்கு முன்னால் மண்டியிட்டார். லொரேன் வாசலில் நின்று பார்த்தார்: நெவில் கண்களை மூடிக்கொண்டு, ரப்பரில் புடைத்திருந்த எண்களை விரல் நுனியால் தடவிப் படித்தார்.

"பதினொண்ணாவது வாரம், இருபத்திரெண்டு. ரெண்டு வருஷம்தான் ஆகுது!"

லொரேன் உள்ளே போனார். முதல் வட்டம், பின் இடது மூலை: பதினொன்று. பிறகு சுற்றி வந்தார். பத்து, பன்னிரண்டு, பத்து, பதினொன்று. தரை கல்லைப் போல் உறுதியாக இருந்தது. எரிவாயுக் குழாயில் போன ஆண்டுத் தேதி. புதிதாகப் பூசிய பசை எங்கும் இல்லை. எண்கள் எல்லாம் பொருந்தின. எஞ்சியது பின் படுக்கையின் அடிப்பகுதி மட்டும். பலகையைத் தூக்கினார், டார்ச் வெளிச்சம் உட்சுவரில் விழுந்தது.

பென்சிலில் எழுதியிருந்தது: 'லொரேன். மோரா. பெரிய ட்ரெவ். 25 ஜூலை 2003. ரெண்டு வாரத்துக்கு எங்களை யாரும் தேடாதீங்க!'

ஜூலைக் கடைசியில் தொழிற்சாலை இரண்டு வாரம் மூடப்படும். மூடுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையில் ஒவ்வொரு குழுவும் தான் முடிக்கும் கடைசி வண்டிகளில், வாங்குகிறவர் கண்ணில் படாத இடத்தில், பெயர்களை எழுதி வைக்கும். மேற்பார்வையாளர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். அந்த வண்டி அடுத்த ஆண்டுதான் கடைக்குப் போய் விலைபோயிருக்கிறது.

லொரேன் பலகையை மூடிவிட்டு வெளியே வந்தார்.

"போலாம், நெவில்."

"என்ன கண்ணு, பேயப் பாத்த மாதிரி வர்றீங்க?" என்றார் ஸ்டான்.

"ஒண்ணுமில்ல. நன்றி. போலாம், நெவில்."

காருக்குள் நெவில் சாவியைத் துளையில் விட்டார், திருப்பவில்லை.

"எவ்வளவு காட்டுச்சு?"

"பதினொண்ணு."

"மேல?"

"பன்னெண்டு."

"அப்ப இந்தச் சாவியத் திருப்ப மாட்டேன். என்னன்னு சொல்லு. சொல்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன். நமக்கு அக்டோபர் வரைக்கும் டைம் இருக்கு."

லொரேன் கண்ணாடிக்கு வெளியே கொட்டகையைப் பார்த்தபடி சொன்னார். "அது நான் செஞ்சது."

"எது?"

"அந்த வண்டி. கடைசி வெள்ளிக்கெழம. ஸ்டோர்க்காரன் ஒரு மணிக்கே பூட்டிட்டுப் போயிட்டான். வலது பக்கம் மோரா. அவகிட்ட நாடா இருந்துச்சு. எங்கிட்ட துண்டுதான். அஞ்சு வண்டி பாக்கி. முடிச்சாத்தான் வீட்டுக்குப் பஸ்ஸு. துண்டையும் துண்டையும் சேத்து வெச்சு மேல சட்டத்தப் போட்டுத் திருகிட்டேன். அஞ்சு வண்டியிலயும். பின் இடது மூலை."

நெவில் சாவியைத் துளையிலிருந்து உருவினார். லொரேன் தொடர்ந்தார்.

"அதுல ரெண்டு எங்கிட்டயே வந்துச்சு. ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணு. முப்பத்தெட்டு காட்டுச்சு. விரல வெச்சா உள்ள போச்சு. ஒருத்தர் பின் செவுத்தையே வெட்டி எறிஞ்சாரு. நான் நம்பர மட்டும் சொன்னேன். யார் கை வேலைன்னு சொல்லல."

"இது காஞ்சுல்ல இருக்கு?"

"கொட்டகைக்குள்ள நின்னா எதுதான் காயாது? இருபது வருஷமா மழைய பாக்காத வண்டி. டர்னெஸ்ல கடல்லேர்ந்து அடிக்கிற மழ மூணு நாள்ல உள்ள எறங்கிரும். ஈரமானி நேத்து வரைக்கும்தான் சொல்லும், நாளைக்கு என்னன்னு சொல்லாது."

நெவில் சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கினார். எதிரே நின்ற ஸ்டானின் காரின் எண் பலகையை உதடசைத்துப் படித்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"மத்த வண்டியில எங்க ஒழுகும்னு உனக்குத் தெரியாது. வாங்கினாலும் தூங்க மாட்டே, டார்ச்சத் தூக்கிட்டுத் தேடிட்டே இருப்பே. இதுல எங்கன்னு தெரியும். இங்கிலாந்துலயே உனக்கு எடம் தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான்."

லொரேன் கதவைத் திறந்து இறங்கினார். மணி இரண்டேகால்.

ஸ்டான் பிளென்கின் முழுவதையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இருபது வருஷத்துல ஒரு சொட்டு இல்ல. ஒரு சொட்டு! நீங்க செஞ்சதுன்னு சொல்றீங்க, அப்புறம் மோசம்னும் சொல்றீங்க. எந்தக் கடையில கண்ணு இப்படிப் பேரம் பேசுவாங்க?"

"பேரம் இல்ல, ஸ்டான். அந்தச் சட்டத்தக் கழட்டிப் பாக்கணும். அரை மணி நேரம்."

"கழட்டிப் பாத்துட்டு வேணாம்னு போயிருவீங்க. மூணு மணிக்கு லீட்ஸ்காரன் வந்து நிப்பான், நான் முதுகு பிரிஞ்ச வண்டிய காட்டணும். முடியாது, கண்ணு. வாங்குனா கழட்டலாம். வாங்காம ஒரு திருகாணியத் தொட விட மாட்டேன்."

திறந்து பார்க்காமல் வாங்காதே. லொரேன் தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தாளின் அடியில் கையால் எழுதிக் கொடுக்கும் வரி இது. நெவில் வாயைத் திறக்கப் போனார். அவருக்கு முன்னால் லொரேன் கையை நீட்டினார்.

"வாங்கியாச்சு."

ஸ்டான் நெவிலைப் பார்த்தார். "இவங்க எப்பவுமே இப்படியா?"

"இல்ல," என்றார் நெவில். "இதான் மொத தடவ. சீக்கிரம் கையக் குடுங்க, மனசு மாறிடப் போகுது."

கைகுலுக்கிய ஈரம் காய்வதற்குள் லொரேன் திருப்புளியோடு மூலையில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு திருகாணிகள். ஸ்டான் டார்ச்சைப் பிடித்தார், மிக அருகில், தன் பல்லைப் பிடுங்கும்போது பார்ப்பவர்போல. சட்டம் கழன்று வந்தது. இரண்டு சாண் உயரத்தில் நாடா முடிந்து, அடுத்த துண்டு தொடங்கியது. நடுவில் ஒரு தீக்குச்சி அகலத்துக்கு வெறுமை. அதற்குப் பின்னால் மரத்தில் கட்டைவிரல் அளவு கறுப்பு. லொரேன் திருப்புளி முனையால் அழுத்தினார். இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினார். அங்கும் இறங்கவில்லை.

"செத்துப் போச்சா?" என்றார் ஸ்டான், தாழ்ந்த குரலில்.

"இல்ல. பயந்திருக்கு, அவ்வளவுதான்."

பையிலிருந்து அவர் எடுத்தது பிரிக்காத பசைநாடாச் சுருள். பதினைந்து ஆண்டுகளாக ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பையில் ஒரு முழுச் சுருள் போய் வந்திருக்கிறது. காய்ந்து போனால் புதிது வாங்கி வைப்பார். வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கிறார் என்று நெவில் நினைத்திருந்தார். ஆனால் யார் வண்டிக்கும் அவர் ஒட்டிக் கொடுத்ததில்லை. பார்ப்பது மட்டுமே அவர் வேலை. லொரேன் பழையதைச் சுரண்டி, மரத்தைத் துடைத்து, கூரையிலிருந்து தரை வரை ஒரே நீளமாக நாடாவை இழுத்து ஒட்டினார். நடுவில் கை நிற்கவில்லை. சட்டத்தை வைத்துப் பதினான்கு திருகாணிகளையும் இறுக்கும்போது மணி மூன்று; வாசலில் கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது.

"ஓட்டைய அடைச்சாச்சு," என்றார் ஸ்டான், முழங்காலைத் தட்டியபடி எழுந்து. "இப்ப வெலைய ஏத்துனா என்ன?"

"கையக் குடுத்துட்டீங்க."

"குடுத்துட்டேன். முட்டாப்பய நானு. சரி, லீட்ஸ்காரனுக்கு ஒரு டீயாவது போட்டுக் குடுக்கறேன்."

ஜூன் 8 அன்று புறப்பட்டார்கள். வழியில் முகாமிட்ட ஒவ்வொரு இடத்திலும் காலையில் லொரேன் ஒரு காரிலிருந்து இருபது மீட்டருக்கு இருபத்திரண்டு நீண்ட எட்டுகள் எடுத்துவைத்து நிற்பார். நெவில் அவர் பக்கத்தில் நின்று எண் பலகையைப் படிக்க வேண்டும். சரியாகப் படித்தால் வண்டி கிளம்பும். எட்டாம் நாள் காலையில் கடைசி மூன்று எழுத்துகளும் தவறின. அவர் மறுபடி படித்தார். மறுபடியும் தவறின.

"இன்னிக்கி இங்கயே இருப்போம்," என்றார் லொரேன்.

"மேகமா இருக்கு, அதான்."

"மேகம்தான். இருப்போம்."

இரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள். நெவில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து புல்லில் தடம் போட்டார். மூன்றாம் காலை வெயில் வந்தது. ஏழு எழுத்துகளையும் படித்தார். லொரேன் அருகே போய் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

டர்னெஸில் வடகிழக்கிலிருந்து மழை, மூன்று நாள், படுக்கைவாட்டில். நெவில் முன் ஜன்னலருகே உட்கார்ந்து, கடல் முடிவில்லாமல் சாம்பல் நிறமாக இருப்பதைப் பார்த்தார். லொரேன் பின்னால் படுக்கைப் பலகையைத் தூக்கி ஊசிகளைக் குத்தினார். அரைமணிக்கு ஒருமுறை.

"இங்க வந்து உக்காரு. கடலப் பாரு. ஆயிரம் கிலோமீட்டர் வந்து செவுத்தப் பாத்துட்டு இருக்கே."

"ஒரு நிமிஷம்."

"காலையிலேர்ந்து ஒரு நிமிஷம். எவ்வளவு?"

"பதினொண்ணு."

"நேத்து?"

"பதினொண்ணு."

"நாளைக்கி?"

லொரேன் ஈரமானியை மூடினார். ஒரு துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். தாள் 621-இன் ஓரத்தில் அந்த மூன்று நாள்களுக்கும் நாற்பத்து மூன்று அளவுகள் இருக்கின்றன, எல்லாம் பென்சில். இரண்டாம் நாள் மாலையில் மட்டும் ஒரு பன்னிரண்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அக்டோபர் சோதனையில் நெவில் தேறவில்லை. உரிமத்தை உறையிலிட்டு அவரே தபாலில் சேர்த்தார். மூர்ஹென் இப்போது அவர்கள் வீட்டுப் பக்கவாட்டில், மழையில் நிற்கிறது.

நவம்பர் 16 அன்று காட்டிங்ஹாமில் ஒரு வாடிக்கையாளர். இருவரும் பேருந்தில் போனார்கள். காரும் இல்லை, குலுக்கச் சாவியும் இல்லை. நெவில் வாசலில் கொஞ்சம் நின்றார், மதில் வரை நடந்தார், திரும்பி வந்தார். பிறகு படியேறி உள்ளே போய் டார்ச்சை வாங்கிக்கொண்டார். வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது. லொரேன் ஊசிகளைக் குத்தினார்.

"எவ்வளவு?"

"பதிமூணு."

"நம்மளுதா?"

லொரேன் படுக்கைப் பலகையைத் தூக்கினார். உட்சுவர் வெறுமையாக இருந்தது.

"இல்ல."

"அப்ப அஞ்சுல இன்னும் ரெண்டு பாக்கி," என்றார் நெவில். டார்ச்சைக் கதவுப் பக்கம் திருப்பினார்.